கண்ணாடியில் இங்க்ஜெட் அச்சு: எந்த மைக்கு எந்தப் பூச்சு?

கண்ணாடியில் அச்சடிக்க இறங்குபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “எந்த பிரைமர் நல்லது?” என்றுதான். பிரைமர் என்பது மை ஒட்டிக்கொள்ள முதலில் பூசும் அடிப்பூச்சு. இதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால், கேட்டவர்களில் பாதிப் பேர் தங்களுக்குப் பயன்படாத பூச்சை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பூச்சைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. பிரிண்டரில் ஓடுவது என்ன மை என்பது ஒன்று. அச்சடித்த பொருள் பிறகு தண்ணீரில் நனையுமா என்பது இன்னொன்று. மை எதுவென்று தெரிந்தால் பூச்சின் வகை தெரிந்துவிடும். தண்ணீர் எவ்வளவு படும் என்று தெரிந்தால், எந்த அளவுக்கு மெனக்கெட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கண்ணாடி ஏன் முரண்டு பிடிக்கிறது

காகிதம் மையைக் குடிக்கும், கண்ணாடி குடிக்காது. சாதாரண மேசை பிரிண்டரின் மையில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது இறங்க வழியில்லாத பரப்பில் விழுந்தால், பக்கத்துப் பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து குளம் கட்டும். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். பொறுமையாக உலர விட்டாலும் நிறமி மேலே பொடியாக உட்கார்ந்திருக்கும். ஈர விரலால் ஒரு இழு இழுத்தால் போய்விடும்.

புற ஊதா ஒளியில் இறுகும் யூவி மைக்கு இந்தக் குளம் கட்டும் தொல்லை கிடையாது. விளக்கு பட்ட மாத்திரத்தில் அது இறுகிவிடுகிறது. ஆனால் அதில் உள்ள அக்ரிலேட் என்னும் பிசின் இறுகும்போது சுருங்கவும் செய்கிறது. சுருங்குகிற படலம் ஓரங்களைத் தன் பக்கம் இழுக்கும். அடியில் பிடித்துக்கொள்ளக் கரடுமுரடோ துளையோ இல்லாத கண்ணாடியில் அந்த இழுப்பைத் தாங்க எதுவும் இல்லை.

இதற்கு மேல்தான் உண்மையான எதிரி வருகிறது: ஈரம். கண்ணாடியின் மேற்பரப்பு முழுக்க சிலனால் என்னும் ஹைட்ராக்ஸில் தொகுதிகள் நிற்கின்றன. அவை எந்த மையையும் விடத் தண்ணீரைத்தான் விரும்பும். அச்சின் ஓரத்தில் ஈரம் பட்டால் அது மைக்கும் கண்ணாடிக்கும் இடையில் மெல்ல நுழைந்து, மை பிடித்திருந்த இடத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் காய்ந்த நிலையில் நகத்தால் சுரண்டினாலும் அசையாத யூவி அச்சு, ஒரு இரவு தண்ணீரில் கிடந்தால் மறுநாள் காலையில் முழுத் தோலாக உரிந்து வருகிறது. கண்ணாடியில் மை ஒட்டுவது பெரிய விஷயமே அல்ல. நனைந்த பிறகும் ஒட்டியே இருப்பதுதான் பெரிய விஷயம். பூச்சுகளை ஒப்பிடும்போது என் அளவுகோல் இதுதான்.

நீர் மைக்கு: உறிஞ்சும் பூச்சுகள்

நீர் மை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குத் தேவை, கண்ணாடிக்கு மேல் ஒரு காகிதத்தின் வேலையைச் செய்யும் படலம். இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று வீங்கும் பூச்சு: ஜெலட்டின், பாலிவினைல் ஆல்கஹால் போன்றவை. மையின் தண்ணீரை வாங்கிக்கொண்டு படலம் உப்பும், உலர்ந்ததும் பழையபடி தட்டையாகும். மற்றொன்று நுண்துளைப் பூச்சு: மிக நுண்ணிய சிலிகா அல்லது அலுமினா துகள்களைக் கொஞ்சம் பசையோடு சேர்த்துப் பூசுவது. துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் மையை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காகிதத்தில் என்றால் நுண்துளைப் பூச்சுதான் வென்றுவிட்டது. தொட்டால் ஒட்டாத அளவுக்கு உடனடி உலர்வு, நிறமி மைக்கும் (நிறம் நுண்துகளாக மிதப்பது) சாய மைக்கும் (நிறம் கரைந்திருப்பது) ஒரே மாதிரி இணக்கம். கண்ணாடியில் அதே தீர்ப்பைச் சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதே ஒளி ஊடுருவ வேண்டும் என்பதற்காக. துளைகள் நிறைந்த படலம் ஒளியைச் சிதறடிக்கும். அச்சு இல்லாத இடங்களில் பால் போன்ற மங்கல் தெரியும். அலுமினா வகையில் துகள்கள் சிறியவை என்பதால் மங்கல் குறைவு, சொரசொரப்பான சிலிகா வகையில் அதிகம். வீங்கும் பூச்சு நன்றாகப் பூசப்பட்டால் இருக்கிற இடமே தெரியாது. சாய மை அதில் உள்ளே புதைந்து நிற்பதால், காற்றிலுள்ள ஓசோன் அதை எளிதில் வெளுக்கச் செய்வதும் இல்லை. திறந்த துளைகளில் நிற்கும் சாயத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பதிலுக்கு வீங்கும் பூச்சு கேட்பது நேரத்தை: நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மழைக்காலக் காற்றில் பிசுபிசுக்கும். நிறமி மையை அது உள்ளே விடாது, மேலேயே நிறுத்திவிடும்.

சட்டத்துக்குள் போகிற, பின்னாலிருந்து விளக்கு போடுகிற ஒளிப்படம் என்றால் சாய மையும் வீங்கும் பூச்சும் என்பது என் தேர்வு. மங்கலான, உறைபனி படிந்த தோற்றமே வேண்டும் என்பவர்கள் நுண்துளைக்குப் போகலாம். அவர்களுக்கு அந்தக் குறையே அழகாகிவிடும்.

ஜெலட்டினைக் கண்ணாடியில் நிறுத்துவது புதிய பிரச்சினை இல்லை. 1851-இல் வந்த கொலோடியன் தட்டுகளின் (கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசல் பூசிய ஒளிப்படக் கண்ணாடிகள்) காலத்திலேயே, படலம் கழன்று போகாமல் இருக்க ஒளிப்படக்காரர்கள் கண்ணாடியில் முதலில் முட்டை வெள்ளைக்கருவை அடிப்பூச்சாகப் பூசினார்கள். 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர்தட்டை முன்வைத்த பிறகு, தண்ணீரில் கழுவும்போது ஜெலட்டின் ஓரம் சுருண்டு எழும்புவதோடு ஒரு தலைமுறையே போராடியது. அவர்கள் கண்ட மருந்துகளில் ஒன்று குரோம் படிகாரம். சிறிதளவு சேர்த்தால் ஜெலட்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்துக் கெட்டிப்படுத்துகிறது. அதன் பிறகு படலம் வீங்குமே தவிரக் கரையாது. திசுப் பரிசோதனைக் கூடங்களில் கண்ணாடிச் சில்லுகளில் திசுத் துண்டுகள் கழுவலில் போய்விடாமல் நிற்க இதே குரோம் படிகார ஜெலட்டினைப் பூசும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதே வேலைக்கு அமினோ சிலேன் (கண்ணாடியோடு வேதியாகப் பிணையும் சிலிக்கான் சேர்மங்களில் ஒன்று) பூசிய சில்லுகளும் புழங்குகின்றன. அந்தக் குறிப்பு நமக்கும் உதவும்: முதலில் அமினோ சிலேன், அதன் மேல் ஜெலட்டின் என்று இரண்டு அடுக்காகப் பூசினால் ஓரம் எழும்பும் தொல்லை வெகுவாகக் குறையும்.

சொந்தமாகக் காய்ச்ச விரும்பாதவர்களுக்குத் தயார் பூச்சுகள் உண்டு; இங்க்எய்ட், கோல்டன் டிஜிட்டல் கிரவுண்ட்ஸ் போன்றவை அப்படி வந்தவை. இரண்டாவதில் துளையற்ற பரப்புகளுக்கென்றே தனி வகை வந்தது. தூரிகையால் பூசினால் தூரிகைக் கோடு படத்தில் தெரியும். சமதளத்தில் வைத்து ஊற்றிப் பரப்புவதோ தெளிப்பதோ நல்லது. எதைப் பூசினாலும் மேலே கரைப்பான் அடிப்படையிலான லேக்கரைப் பல மெல்லிய படலங்களாகத் தெளித்து மூடியே ஆக வேண்டும். நீர் அடிப்படையிலான வார்னிஷ் அடித்தால் கீழே இருக்கும் மையை அதுவே கரைத்துவிடும்.

இன்னொரு தடை இருக்கிறது. பெரும்பாலான மேசை பிரிண்டர்கள் காகிதத்தை வளைத்துத்தான் உள்ளே இழுக்கும், கண்ணாடி வளையாது. நேர்பாதை உள்ள இயந்திரமோ தட்டை மேசை இயந்திரமோ இல்லாதவர்கள் பூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பூச்சுள்ள படலத்தில் இடவலம் மாறிய பிம்பமாக அச்சடித்து இடம் மாற்றுவதே அவர்களுக்கு வழி.

இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான எல்லை ஒன்று: அடிக்கடி தண்ணீர் படும் இடத்துக்கு இது ஆகாது. தண்ணீரைக் குடிப்பதற்காகவே செய்யப்பட்ட படலம், எத்தனை லேக்கர் போட்டாலும், வெட்டிய ஓரம் வழியாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

யூவி மைக்கு: சிலேன்

யூவி பிளாட்பெட் (தட்டை மேசை) பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு “கண்ணாடி பிரைமர்” என்ற பெயரில் விற்கப்படும் மெல்லிய திரவங்களில் பெரும்பாலானவற்றின் உயிர் சிலேன்தான். பசை போல இடையில் நின்று ஒட்டுவது அதன் வேலையல்ல. அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒரு முனை தண்ணீர் பட்டதும் சிலனாலாக மாறி, கண்ணாடியின் சிலனாலோடு சேர்ந்து சிலாக்சேன் பிணைப்பாக இறுகுகிறது. அதாவது கண்ணாடியின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. மறு முனை மைக்கு உரியது. மெத்தக்ரிலேட் முனை உள்ள சிலேன், யூவி விளக்கின் கீழ் மை இறுகும்போது அந்த வலைப்பின்னலுக்குள் தானும் கோத்துக்கொள்கிறது. ஈரம் நுழைந்து பிடிக்க வேண்டிய இடத்தில் வேதிப் பிணைப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பூச்சுகளிலேயே இதற்கு நான் முதலிடம் கொடுப்பது இந்தக் காரணத்துக்காக.

முனை பொருந்த வேண்டும். யூவி அக்ரிலேட் மைக்கு மெத்தக்ரிலேட் சிலேன். சூட்டில் இறுகும் எபாக்ஸி மைக்கு கிளைசிடாக்ஸி சிலேனோ அமினோ சிலேனோ சரி. அமினோ வகை பலவற்றோடும் ஒத்துப்போகும், ஆனால் நாளடைவில் மஞ்சள் பூக்கக்கூடும். வெள்ளை அடிப்பூச்சுக்குக் கீழே அது தெரியும்.

தயார் திரவத்துக்கும் சொந்தக் கலவைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வசதியில்தான். பரவலாகப் பயன்படும் செய்முறை இது: 95 பங்கு எத்தனாலும் 5 பங்கு தண்ணீரும் கலந்து, அசிட்டிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 4.5 முதல் 5.5-க்குள் கொண்டுவந்து, கலக்கிக்கொண்டே 2 சதவீதம் சிலேன் சேர்ப்பது. நீராற்பகுப்பு நடக்க 5 நிமிடம் விட வேண்டும். கண்ணாடியை ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து, எத்தனாலில் அலசி, 110 டிகிரி செல்சியஸில் 5 முதல் 10 நிமிடம் வைக்கலாம். அடுப்பு இல்லையென்றால் ஈரப்பதம் அதிகமில்லாத அறையில் ஒரு நாள் முழுக்க விடலாம். அமினோ சிலேனுக்கு அமிலம் தேவையில்லை. கலந்த கரைசல் நிற்காது. தன்னோடு தானே பிணைந்து கெட்டுப்போகும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பதுதான் சரி. ட்ரைமெத்தாக்ஸி வகைகள் நீரோடு வினைபுரியும்போது மெத்தனால் வெளிவரும். காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடாது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது அளவில். ஒட்ட வேண்டுமே என்ற ஆர்வத்தில் தாராளமாகப் பூசுகிறார்கள். சிலேனின் வேலை மூலக்கூறு தடிமனில் நடப்பது. மேலே சேரும் மிகுதி, கண்ணாடியோடு பிணையாத பலவீனமான தனி அடுக்காகி, வெள்ளைப் புகை போலப் படியும்; மை அந்த அடுக்கோடு சேர்ந்து பெயர்ந்து வரும். பஞ்சு உதிராத துணியை நனைத்து, பட்டும் படாமலும் ஒரே திசையில் துடைத்து, உலர்ந்ததும் காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பதுதான் முறை. அச்சடித்த உடனே சோதித்துவிட்டு “பிடிக்கவில்லை” என்று முடிவு கட்டவும் வேண்டாம். பிணைப்பு முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும்.

கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சடித்து முன்பக்கம் வழியாகப் பார்க்கும் வேலைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பார்ப்பவரின் கண் நேராக மையும் கண்ணாடியும் சேரும் இடத்தைப் பார்க்கிறது. துடைத்த கோடு, விரல் ரேகை, சிலேன் புகை எல்லாம் படத்தின் முன்னால் நிற்கும். முன்பக்க அச்சில் இவற்றை மை மறைத்துவிடும். ஆகவே சுவர்ப் பலகை, மேசைக் கண்ணாடி போன்ற பின்பக்க அச்சுக்கு, இயந்திரத்தால் சீராகத் தெளிக்கப்படும் பிரைமர் கையால் துடைப்பதை விட மேல்.

மேலே ஒரு வார்னிஷ் அடித்தால் பிரைமர் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கீறலுக்கு அது உதவும், ஒட்டுதலுக்கு உதவாது. ஈரம் நுழைவது அடிப்பக்கத்தில், ஓரத்தின் வழியாக. மேலே என்ன மூடியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

சுடர், பிளாஸ்மா, சூளை

ஆயிரக்கணக்கில் பாட்டில் அடிப்பவர்களுக்குத் துணியால் துடைக்கும் முறை ஒத்துவராது. அவர்களுக்கு உள்ள நல்ல வழி சுடர்வழி சிலிகா: எரிவாயுச் சுடரில் சிலிக்கான் சேர்மம் ஒன்றைக் கலந்து, அந்தச் சுடரைக் கண்ணாடி மேல் ஓட்டுவது. நானோமீட்டர் கணக்கில், புத்தம்புதிய சிலிகாப் படலம் படிகிறது. சுடரின் சூடு பழைய அழுக்கையும் எரித்துவிடுகிறது. அதன் மேல் சிலேன் பட்டால் பிடிப்பு அருமையாக இருக்கும். பாட்டில்களுக்கு இது முக்கியம். ஆலையிலிருந்து வரும்போதே உராயாமல் வழுக்கிச் செல்ல அவற்றின் மேல் பாலிஎத்திலீன் மெழுகு போன்ற குளிர்முனைப் பூச்சு இருக்கும். அதை எரிக்காமல் எந்த பிரைமரும் வேலை செய்யாது. பிரைமர் மெழுகைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

பிளாஸ்மாவும் (மின்னூட்டம் பெற்ற வாயு) கொரோனாவும் (உயர் மின்னழுத்தத்தில் காற்றில் நிகழும் மின்னிறக்கம்) பூச்சுகள் அல்ல, மேற்பரப்பைத் தயார் செய்பவை. கண்ணாடியில் அவை செய்வது பெரும்பாலும் ஆழமான சுத்தம்தான். அந்தச் சுத்தம் நிலைக்காது. காற்றிலுள்ள கரிமப் படிவுகள் மறுபடி வந்து ஒட்டும். உடனே அச்சடிக்கும் வரிசையில் வைத்தால் பயன் உண்டு. தனியாக அதை மட்டும் நம்பி யூவி அச்சு அடித்தால் நனைந்ததும் பழைய கதைதான்.

தினமும் கழுவப்படும் குவளைக்கும் கட்டட முகப்புக் கண்ணாடிக்கும் நான் எந்தக் கரிமப் பூச்சையும் பரிந்துரைக்க மாட்டேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சோப்பு காரத்தன்மை உடையது. சிலேன் கட்டிய சிலாக்சேன் பிணைப்பைக் காரமும் சூடும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சில கழுவல்களைத் தாங்கும், காலத்துக்கும் தாங்காது. அங்கே போக வேண்டியது செராமிக் மைக்கு: கண்ணாடித் தூளும் கனிம நிறமியும் கலந்த மையை அச்சடித்து, 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது அது கண்ணாடியோடு உருகி ஒன்றாகிவிடும். பிரைமர் என்ற பேச்சே இல்லை. விலை கொடுப்பது நிறத்தில். கனிம நிறமிகளில் பளிச்சென்ற மெஜந்தா கிடைக்காது, ஆகவே மனித முகமும் பூக்களும் யூவி மையில் வருவது போல வராது. குவளையில் எந்த முறையில் அடித்தாலும் உதடு படும் விளிம்பையும் உட்புறத்தையும் விட்டுவிட வேண்டும்.

கண்ணாடி போலத் தெரியும் மற்றவை

மெருகிட்ட ஓட்டின் மேற்பரப்பு கண்ணாடியேதான்; சிலேன் அப்படியே செல்லும். அலுமினியத்திலும் ஆக்ஸைடு படலம் இருப்பதால் சிலேன் பிடிக்கும். அனோடைஸ் செய்து (மின்சாரத்தால் ஆக்ஸைடு படலத்தைத் தடிப்பாக்கி) துளைகள் இன்னும் மூடப்படாத அலுமினியம் கிடைத்தால் அதுவே உறிஞ்சும் பூச்சாகவும் வேலை செய்யும்: சாய மையைத் துளைகளுக்குள் இறக்கி, பிறகு கொதிநீரில் வைத்துத் துளைகளை மூடிவிடலாம். நீர் மைக்கு இவ்வளவு உறுதியான இருப்பிடம் வேறெங்கும் அமைவது அரிது.

அக்ரிலிக், பாலிகார்பனேட் பலகைகளில் பல யூவி மைகள் பிரைமர் இல்லாமலே பிடிக்கும். மையிலுள்ள சிறு மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி உள்ளே இறங்குவதுதான் காரணம். அக்ரிலிக்கைத் துடைக்க மட்டும் ஆல்கஹாலைத் தாராளமாக எடுக்கக் கூடாது. வெட்டிய ஓரங்களில் இறுக்கம் மிச்சமிருந்தால் மயிரிழை விரிசல் விடும்.

பாலிப்ரோப்பிலீனில் மை நிற்பது தாமரை இலைத் தண்ணீர் போலத்தான். அதன் பரப்பு ஆற்றல் (திரவம் அதில் எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதைக் காட்டும் அளவு) சென்டிமீட்டருக்கு 30 டைன் அளவில் கிடக்கிறது. மை நன்றாகப் பரவ, பரப்பின் டைன் அளவு மையை விடக் குறைந்தது பத்து டைன் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. சிலேன் பிடித்துக்கொள்ள அங்கே ஹைட்ராக்ஸிலும் இல்லை. ஆகவே கண்ணாடி பிரைமரை அதில் தேய்ப்பது வீண். சுடர் அல்லது கொரோனா காட்டி உடனே அச்சடிக்க வேண்டும், இல்லையேல் குளோரின் ஏற்றிய பாலியோலெஃபின் பிரைமரைப் பூச வேண்டும்.

வாங்குவதற்கு முன் சோதனை

எந்தப் பூச்சையும் பழி சொல்வதற்கு முன் கண்ணாடி சுத்தமா என்று பார்க்க வேண்டும். கழுவிய கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் உடையாத ஒரே திரையாக வழிந்தால் சுத்தம். எங்காவது திரை கிழிந்து வட்டமாக விலகினால் அந்த இடத்தில் எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. வாசனை சேர்த்த வீட்டுக் கண்ணாடி துடைப்பான்கள் இந்தச் சோதனையில் தோற்கும்படி எதையாவது விட்டுவைப்பது உண்டு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும், அடிக்கடி மாற்றும் துணியும் போதும்.

1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவை முறையில்தான் இன்று தட்டைக் கண்ணாடி பெரும்பாலும் தயாராகிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து வருவதால் ஒரு பக்கத்தில் வெள்ளீயம் ஏறியிருக்கும். 254 நானோமீட்டர் விளக்கைச் சாய்த்துக் காட்டினால் அந்தப் பக்கம் பால் போல ஒளிரும். இந்த விளக்கு கண்ணுக்குக் கேடு, காப்புக் கண்ணாடி போட வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது; சோதித்தது எந்தப் பக்கமோ அதே பக்கத்தில்தான் எல்லாக் கண்ணாடியையும் அடிக்க வேண்டும்.

பிறகு குறுக்குவெட்டுச் சோதனை. கூரான கத்தியால் அச்சில் இணைகோடுகளும் அவற்றின் குறுக்கே இணைகோடுகளும் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுப்பது. விற்பவர் காட்டும் தரச்சான்றைப் படிக்கும்போது கவனம் தேவை: ஐஎஸ்ஓ 2409 முறையில் 0 என்றால் மிக நல்லது, 5 என்றால் மிக மோசம், ஏஎஸ்டிஎம் டி3359-இல் குறுக்குவெட்டு முறைக்கு 5பி மிக நல்லது, 0பி மிக மோசம். எண்ணை மட்டும் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்ள நேரும். அதோடு, அந்த எண் காய்ந்த அச்சுக்கா நனைந்த அச்சுக்கா என்று கேளுங்கள். சான்றில் அது எழுதப்படவில்லை என்றால் மாதிரி வாங்கி நீங்களே அடித்து, ஒரு நாள் விட்டு, ஒரு இரவு வெந்நீரில் போட்டு, எடுத்துத் துடைத்த உடனே கீறி நாடாவை இழுங்கள். இரண்டு பிரைமர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இப்படி இழுத்தால், காய்ந்த சோதனையில் இரண்டும் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தாலும், எதை வாங்குவது என்பதில் சந்தேகம் மிச்சமிருக்காது.